மஞ்சள் தண்ணீர்ப் பிள்ளை

அத்தியாயம் பதினொன்று

கடிதம் வந்து பன்னிரண்டு நாளாயிற்று. பன்னிரண்டு நாளும் அது சாப்பாட்டு மேசையில், ஊறுகாய்ப் போத்தலுக்குக் கீழே கிடந்தது. வீட்டில் மூன்று பேர். மூன்று பேரும் அதைச் சுற்றிச் சாப்பிட்டு எழும்பினார்கள். ஒருவரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

இன்றைக்குக் கதைத்தே ஆகவேண்டும். பின்னேரம் நாலு மணியோடு தவணை முடிகிறது.

கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான்: 'வருமான வரிப் பத்திரத்தில் தாங்கள் ஒரு பிள்ளைக்குச் சலுகை கேட்டிருக்கிறீர்கள். செல்வி சரோஜினிதேவியின் பிறப்புச் சாட்சிப்பத்திரத்தை அனுப்பிவைக்கவும்.' சிவபாதசுந்தரத்துக்கு மட்டும் வந்த கடிதம் அல்ல அது. கோட்டையில் அவர் தலைமைக் கிளார்க்காக இருக்கும் கப்பல் கம்பெனியில் இன்னும் நாலு பேருக்கு வந்தது. அவர்கள் அலுமாரியைத் திறந்து பத்திரத்தை எடுத்து அனுப்பிவிட்டு வேறு வேலை பார்த்தார்கள்.

சிவபாதசுந்தரத்தால் அது முடியாது. சரோவின் பத்திரத்தில் தகப்பன் பெயர் அவருடையது அல்ல. தாயின் பெயர் மனைவி அருந்ததியுடையதும் அல்ல.

சரோ அவருடைய தங்கையின் மகள். பெற்ற எட்டாம் நாள் தங்கை கண்ணை மூடிவிட்டாள். பிள்ளைக்கு ஒரு வயது ஆனபோது தகப்பன் மலாயாவுக்குக் கப்பலேற ஆயத்தமானான். அளவெட்டி வீட்டில், தேசவழமை என்ற யாழ்ப்பாணத்து வழக்குச் சட்டப்படி, செம்பில் மஞ்சள் தண்ணீர் கரைத்து வைத்தார்கள். சொத்தில் உரித்துள்ளவர்கள் சம்மதம் என்று அதில் விரல் நனைத்தார்கள். சிவபாதசுந்தரமும் அருந்ததியும் அந்தத் தண்ணீரை வாங்கிக் குடித்தார்கள். எழுத்து ஒன்றும் இல்லை. குடித்த நேரத்திலிருந்து அவள் அவர்கள் பிள்ளை.

அதன்பின் வேறுவிதமாகப் பேசுவதே பாவம் என்று விட்டார்கள். வரிப் பத்திரத்தில் 'பிள்ளைகள்' என்ற இடம் வந்தபோது, ஐந்து வருடமாக, அவருடைய பேனா ஒருமுறைகூடத் தயங்கவில்லை.

சரோவுக்கும் தெரியும். எப்படித் தெரிந்தது என்று யாரும் அவளைக் கேட்டதில்லை.

"இஞ்சருங்கோ, என்ன எழுதப் போறியள்?" அருந்ததி தேத்தண்ணியை மேசையில் வைத்தாள்.

"சலுகை வேண்டாமெண்டு எழுதினா அலுவல் முடியும். கூடக் கட்டவேண்டியது பெரிசா ஒண்டுமில்ல."

"நான் காசைக் கேக்கேல்ல. அந்தக் கட்டத்தில என்ன எழுதுவியள்?"

அவர் தேத்தண்ணியைப் பார்த்தார்.

"பிள்ளைகள், இல்லை. அப்பிடித்தானே?"

வெள்ளவத்தை வீட்டுக்குப் பின்னால் ரயில் ஒன்று கடலோரமாகக் கடந்து போனது. 

"ஊர் என்னை மலடியெண்டு சொல்லேக்க பொறுத்தனான். இப்ப நீங்கள் உங்கட கையால இங்கிலீசில எழுதி, கையெழுத்தும் வைச்சு, கவர்மெண்டுக்குக் குடுக்கப் போறியள்."

"அருந்ததி, வேற வழி ஒண்டு இருக்கு. அண்டைக்கு அங்க நிண்டவை ஆராவது சத்தியக் கடதாசி தந்தாக் காணும், தேசவழமைச் சுவீகாரத்தை ஏற்கலாம் எண்டு அந்த வரிக் கந்தோர்த் துரை சொன்னவர்."

"நிண்டவை ஆர்? மாமா போயிட்டார். முடி வெட்டுற பரியாரியும் செத்துப்போனான்."

"தம்பி இருக்கிறான்."

அருந்ததி சிரித்தாள். நல்ல சிரிப்பு அல்ல. "பதினாறு வருசமா, நான் விரல் வைக்கேல்ல, நான் விரல் வைக்கேல்ல எண்டு கலியாண வீடு, செத்த வீடெல்லாம் சொல்லிக்கொண்டு திரியிறவர். அவரோ?"

"கேட்டுப் பாக்கிறன்."

சரோ பள்ளிக்கூடப் பையோடு வாசலில் நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை. மேசைக்கு வந்து, ஊறுகாய்ப் போத்தலைத் தூக்கி அப்பால் வைத்தாள்.

"எண்ணெய் கசியுது. கடிதம் பழுதாப் போகுது, அப்பா," என்றாள். போய்விட்டாள்.

*

கொட்டாஞ்சேனையில் தம்பி தியாகராசாவின் வீடு ஒரு நீண்ட வரிசையில் நாலாவது. அவர் ஒரு இரும்புக்கடையில் கணக்கர். பத்து மணிக்குத்தான் கடை. ஐந்து பிள்ளைகளில் நாலு பேர் பள்ளிக்கூடம் போய்விட்டார்கள். மூத்தவன் பரராசசிங்கம், யூனிவர்சிற்றி கொலிஜ் மாணவன், அவர்களுக்கும் முன்னமே போய்விட்டான்.

"வாங்கோ அண்ணை! வெள்ளவத்தைச் சீமானுக்குக் கொட்டாஞ்சேனை வழி தெரிஞ்சிருக்கே!"

சிவபாதசுந்தரம் கதிரையில் இருந்தார். வந்த காரியத்தை நாலே வசனத்தில் சொன்னார். அவருக்கு எப்போதும் நாலு வசனம் போதும்.

தியாகராசா பிட்டைக் கறியில் குழைத்தபடி கேட்டார். பிறகு கையை உதறினார்.

"அண்ணை, ஒரு ஞாயம் கேக்கட்டோ? எனக்கு அஞ்சு பிள்ளையள். அஞ்சுக்கும் சப்பாத்து, புத்தகம், மருந்து. இந்த அரசாங்கம் எனக்கு என்ன சலுகை தருது?"

"உனக்கு வரியே இல்லையே."

"அதைத்தான் சொல்லுறன்! எனக்கு வருமானம் காணாது, அதால வரி இல்ல. வரி இல்லாததால சலுகையும் இல்ல. ஒண்டை வளக்கிற உங்களுக்கு, பாவம், பிள்ளை வளக்கிறார் எண்டு கழிச்சு விடுறாங்கள். அஞ்சு வளக்கிற எனக்குக் கழிக்கிறதுக்கு ஒண்டுமில்ல. உங்கட துரைக்கும் கழிப்பாங்கள். எந்தப் பிள்ளைக்குச் சோறு காணாதோ, அந்தப் பிள்ளைக்குத்தான் ஒண்டுமில்ல."

 தம்பியின் பேச்சில் சிவபாதசுந்தரத்துக்குப் பல வருடமாக நம்பிக்கை இல்லை. இது மட்டும் சரி என்று பட்டது. சரி என்று பட்டதுதான் அவரை நெளிய வைத்தது.

"நீ சொல்லுறது பிழையில்ல," என்றார் கடைசியில். "ஆனா நான் உன்னட்டை வந்தது சலுகைக்கில்ல. ஒரு சொல்லுக்கு."

"விரல் வைக்காதவன் என்னெண்டு அண்ணை சத்தியம் செய்யிறது?"

"வைச்சியோ இல்லையோ, நிண்டனி. நிண்டதைச் சொல்லு."

தியாகராசா மனைவி நின்ற குசினிப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நிண்டன் எண்டு எழுதினா, சரோ உங்கட பிள்ளையாப் போயிடும். ஏன் அண்ணை அவசரம்? இப்பிடியே இருக்கட்டும். அவள் என்ர அக்காவின்ர பிள்ளை. பரராசாவுக்கு முறை மச்சாள். ஞாயிற்றுக்கிழமையில கணக்குச் சொல்லிக் குடுக்க அவனை நான் சும்மாவோ அனுப்புறன்? அண்ணியின்ர சீதன வீடும் வெளியால போகாது. நீங்கள் மகளெண்டு கந்தோரில பதிஞ்சா, தமையன்ர பிள்ளையும் தம்பியின்ர பிள்ளையும். அண்ணன் தங்கச்சி. பிறகு நான் இந்தக் கதையை எடுக்கேலுமே?"

சிவபாதசுந்தரம் தம்பியை முதன்முறை பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"இல்லையெண்டு எழுதி வரியைக் கட்டிப்போட்டு வாங்கோ. வேணுமெண்டா அந்த வித்தியாசத்தை நானே தாறன்."

"நீயோ?"

"கொஞ்சம் கொஞ்சமா."

தம்பி பெண்சாதி கொண்டுவந்த தேத்தண்ணியை அவர் குடிக்கவில்லை. ட்ராமிலும் ஏறவில்லை. கோட்டை மட்டும் வெயிலில் நடந்தார். வழியெல்லாம் ஒரே கேள்வி: இல்லை என்று எழுதும்போது, ஆங்கிலத்தில், பெரிய எழுத்தில் எழுதவேண்டுமா, சின்ன எழுத்தா?

*

அதே நேரம் அருந்ததி வெள்ளவத்தையில், காலி வீதி என்ற பெருந்தெருவில் நின்றாள்.

சந்தைக்கு அருகே ஒரு கடை. பலகையில் 'கே. கதிரவேலு லோண்டரி' என்று இருந்தது. மூன்று வருடமாக அந்தப் பலகையை அவள் தாண்டிப் போயிருக்கிறாள். உள்ளே இருப்பது யார் என்றும் தெரியும். அளவெட்டியில் அவர்கள் வீட்டுக்கு வெளுத்த கதிரன். ஊரில் அவன் முற்றத்தோடு நிற்பான். இங்கே கதவும் மேசையும் அவனுடையது. எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாததால்தான் அவள் மூன்று வருடம் உள்ளே போகவில்லை.

துணி அழுத்தும் கரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கதிரவேலு பார்த்தார். தலை முழுக்க நரைத்திருந்தது.

"நாச்சி..." என்று தொடங்கி, நிறுத்தி, "வாங்கோ அம்மா. இருங்கோ," என்றார்.

ஒரே ஒரு கதிரை. அருந்ததி அதில் இருந்தாள்.

"சுகமா இருக்கிறீரோ?" என்று கேட்டாள். 'நீர்' என்ற சொல் வாயில் புதுச் செருப்புப்போல இருந்தது.

"இருக்கிறம். பிள்ளை வளந்திட்டா. வீதியால போகேக்க காணுறனான்."

"அந்தப் பிள்ளையின்ர அலுவலாத்தான் வந்தனான். மஞ்சள் தண்ணி குடிச்ச நாள் ஞாபகம் இருக்கோ?"

"ஏன் இல்லாம? செம்புக்குக் கீழ வெள்ளை விரிச்சது நானெல்லோ."

"விரல் வைச்சவை ஆர் ஆர்?"

"பெரிய நயினார், உங்கட மாமா, வைச்சவர். பிறகு சின்னவர்."

"சின்னவரோ? தியாகராசா வைக்கேல்ல எண்டெல்லோ சொல்லுறார்!"

கதிரவேலு மேசையில் இருந்த சட்டையை ஒதுக்கி வைத்தார். அவருக்குச் சிரிப்பு வந்தது.

"அம்மா, நீங்கள் ரெண்டு பேரும் குனிஞ்சு குடிச்சுக்கொண்டு இருந்தியள். பெரிய நயினாரின்ர முகத்துக்குப் பயந்து சின்னவர் விரலை வைச்சவர். எடுத்த உடன, ஒருத்தரும் பாக்கேல்ல எண்டு பின்பக்கமா வேட்டியில துடைச்சவர். நான் பாத்தனான். பாக்காட்டிலும் தெரிஞ்சிருக்கும். அந்த வேட்டி என்ர மூட்டைக்குத்தானே வந்தது."

"வேட்டியோ?"

"மஞ்சளெண்டு தெரியாம என்ர மனிசி அதை உவர்மண்ணில ஊறப் போட்டிட்டாள். உவர் பட்டா மஞ்சள் ரத்தம் மாதிரிச் சிவக்கும். மூண்டு விரல் அகலத்தில சிவந்துபோய் நிக்குது! நாலு நாள் வெயிலில போட்டுப் போட்டு எடுத்தனான். அந்த வேட்டி எனக்கு மறக்குமே?"

அருந்ததி மனதுக்குள் எண்ணிப் பார்த்தாள். பதினாறு வருடம். எத்தனை கலியாண வீடு, எத்தனை செத்த வீடு.

"ஏன் இவ்வளவு காலமும் ஒருத்தருக்கும் சொல்லேல்ல?"

"ஆர் என்னட்டைக் கேட்டவை?"

வெளியே பஸ் ஒன்று சத்தமாய்ப் போனது. கதிரவேலு கரிப்பெட்டியின் மூடியைத் திறந்து, நெருப்பைப் பார்த்து, மூடினார். அவள் கடிதத்தைப் பற்றிச் சொன்னாள். வரி, சலுகை, நாலு மணி.

"பிள்ளை இருந்தாக் கழிச்சு விடுறாங்களோ?" அவர் வியந்தார். "எனக்கு ஆறு. மண்ணெண்ணெய்க்கும் நெருப்புப் பெட்டிக்கும் சேத்துத் தீர்வை வைச்சுத்தானே விக்கிறாங்கள். ஆறு பிள்ளைக்காரன் எண்டு ஒரு கடைக்காரன் கழிக்கிறானே?"

"நீர் சொல்லுறது ஞாயம்தான்," என்றாள் அருந்ததி. சொல்லிவிட்டு, இனி எப்படிக் கேட்பது என்று தெரியாமல் இருந்தாள்.

அவரே மேசையை விட்டு வந்தார். சட்டையை மாட்டினார்.

"ஞாயமோ அநியாயமோ, அது உங்கட அலுவல். கண்டதைச் சொல்லுறன். சாட்சிக்கெண்டுதானே எங்களைக் கூப்பிட்டு அண்டைக்கு நிப்பாட்டினது. பதினாறு வருசத்துக்குப் பிறகு இண்டைக்குத்தான் சாட்சி கேக்கிறியள்." பொத்தானைப் போட்டபடி சேர்த்தார்: "ஆனா ஒண்டு, அம்மா. கடதாசியில கதிரன் எண்டு எழுதக் கூடாது. கடைப் பலகையில இருக்கிற பேர்."

*

சத்தியக் கடதாசி எழுதி உறுதிப்படுத்தும் சமாதான நீதவான் றவூப் இரண்டு ஒழுங்கை தள்ளி இருந்தார். வயிரக்கல் வியாபாரம். எழுத்தும் நல்ல எழுத்து.

"இரிங்க, இரிங்க," என்று இருவருக்கும் கதிரை காட்டினார். கதிரவேலு நின்றார். அருந்ததியும் நின்றாள். பிறகு இருவரும் ஒரே நேரத்தில் கதிரையில் இருந்தார்கள்.

றவூப் எழுதிக்கொண்டே வந்து நிறுத்தினார். "வேட்டியில தொடச்சதையும் எழுதணுமா?"

"எழுதுங்கோ," என்றாள் அருந்ததி.

"அது சிவந்ததையும்?"

"அதையும்தான், றவூப் நானா."

"அல்லாவே! இருவது வருசமா எழுதுறன். ஒரு வேட்டி சாட்சி சொல்றத இன்னைக்குத்தான் பாக்கிறன்."

கதிரவேலு கையெழுத்து வைத்தார். மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக, முழுப் பெயர்.

*

வரிக் கந்தோரில் மூன்றேகால். சிவபாதசுந்தரம் அதிகாரியின் மேசைக்கு முன்னால் இருந்தார். பத்திரம் விரித்தபடி இருந்தது. அதிகாரி ஒரு பறங்கித் துரை, ஓய்வுக்குக் கிட்டிய வயது, அவசரப்படுத்தாத மனிதர்.

"இங்கே ஒரு சொல், கீழே உங்கள் கையெழுத்து," என்றார் ஆங்கிலத்தில்.

சிவபாதசுந்தரம் பேனாவை மையில் தோய்த்தார். மை காய்ந்தது. மறுபடி தோய்த்தார்.

"நீங்கள் விரும்பினால் நான் எழுதுகிறேன். நீங்கள் கையெழுத்து மட்டும்..."

"இல்லை. நான்தான் எழுதவேண்டும்."

அப்போது வாசலில் சேவகனோடு ஒரு வாக்குவாதம் கேட்டது. அவருக்குத் தெரிந்த குரல். அந்தக் குரல் கோட்டைக்குத் தனியாக வந்ததே இல்லை.

"அவரின்ர பெண்சாதி நான்! விடும் உள்ள!"

அருந்ததி நீட்டிய சத்தியக் கடதாசியை அதிகாரி இரண்டு முறை வாசித்தார். இரண்டாவது முறை அவருடைய மீசை அசைந்தது. அவளுக்குப் பின்னால் நின்ற கதிரவேலுவை நிமிர்ந்து பார்த்து, "மிஸ்டர் கதிரவேலு?" என்று கேட்டார்.

"ஓம் துரை."

"வருமான வரிக்கு வேட்டி சாட்சி சொல்லி நான் கண்டதில்லை," என்றார். முத்திரையை எடுத்து ஓங்கிக் குத்தினார். பத்திரத்தில் 'பிள்ளைகள்' என்ற இடத்தில் பழைய பெயர் அப்படியே இருந்தது. சரோஜினிதேவி. மகள்.

சிவபாதசுந்தரம் அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தார். பேனாவை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அருந்ததி அதை அவர் விரல்களிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள்.

வெளியே வந்ததும் அவர் கதிரவேலுவிடம், "வாங்கோ, ஒரு தேத்தண்ணி குடிப்பம்," என்றார்.

கதிரவேலு அந்த 'வாங்கோ'வைக் கேட்டுக் கொஞ்சம் நின்றார். "இன்னொரு நாளைக்கு வாறன், ஐயா. கடையில மனிசி தனிய," என்றார். பஸ்ஸுக்குப் போனார்.

திரும்பும் ரயிலில்தான் சிவபாதசுந்தரம் கொட்டாஞ்சேனைக் கதையைச் சொன்னார். முறை மச்சாள். சீதன வீடு. ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு.

அருந்ததி வாய்விட்டுச் சிரித்தாள். முன்னால் இருந்த சிங்களப் பெண்ணும் காரணம் தெரியாமல் சிரித்தாள். "பரராசாவோ? நல்ல ஆசைதான்! அவன் இவளுக்குத் தமையன். சீல் குத்தி அரசாங்கமே சொல்லிப்போட்டுது!"

பல வருடத்துக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்தாள். அவரும் கடலைப் பார்த்தபடி கொஞ்சம் சிரித்தார்.  

*

சரோ மேசையில் இருந்து படித்துக்கொண்டிருந்தாள். அருந்ததி சத்தியக் கடதாசியின் பிரதியை அவள் முன்னால் விரித்தாள். பன்னிரண்டு நாளாக, இல்லை, பதினாறு வருடமாகப் பேசாத பேச்சு எல்லாம் ஒரே மூச்சில் வந்தது. கதிரவேலு, வேட்டி, றவூப் நானா, முத்திரை.

சரோ ஒவ்வொரு வரியாக வாசித்தாள்.

"அப்ப சித்தப்பா விரல் வைச்சவர்."

"வைச்சவர்! இனி ஒருத்தரும் உன்னைப் பற்றி ஒரு சொல்லுச் சொல்லேலாது."

"இதைக் கந்தோரில குடுத்தாச்சோ?"

"குடுத்தாச்சு. நீ எங்கட பிள்ளை எண்டு எழுத்திலயும் ஆச்சு. பரராசா உனக்குச் சொந்தத் தமையன் மாதிரி. ஞாயிற்றுக்கிழமை வரட்டும், அவனுக்கும் சொல்லுவம்."

சரோ நிமிரவில்லை. கடதாசியின் ஓரத்தை ஒரு விரலால் நேராக்கினாள். பிறகு மறுபடி நேராக்கினாள்.

அந்த விரலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அருந்ததிக்கு ஒன்று உறைத்தது. இரண்டு வருடமாகப் பரராசசிங்கம் இந்த வீட்டுக்கு வருகிறான். சித்தப்பாவின் மற்றப் பிள்ளைகள் எல்லோருக்கும் சரோவிடம் முறைப் பெயர் உண்டு. அவனை மட்டும் அவள் ஒருநாளும் அண்ணா என்று கூப்பிட்டதில்லை. எந்தப் பெயராலும் கூப்பிட்டதில்லை.

"பிள்ளை..." என்றாள் அருந்ததி.

சிவபாதசுந்தரம் சப்பாத்தைக் கழற்றக் குனிந்தவர், குனிந்தபடியே நின்றார்.

சரோவின் கண் கலங்கவில்லை. குரலும் அடங்கித்தான் இருந்தது.

"அந்தக் கடதாசியை நாளைக்குப் போய்த் திருப்பி வாங்க ஏலுமோ, அம்மா?"